இன்னொரு பாட்டில்

கடையில் வாங்கிய எதையும் ரோகிணி அப்படியே தலையில் தேய்த்ததில்லை. ஷாம்பு பாட்டில் வீட்டுக்கு வந்த அன்றே மூடியைத் திறந்து, பாதியை வேறொரு டப்பாவில் ஊற்றி வைத்துவிடுவாள். காலியான இடத்தில் வெந்தயத்தை ஊற வைத்து அரைத்து வடிகட்டிய கூழ் போகும். தேங்காயெண்ணெய் என்றால் கறிவேப்பிலையும் கருஞ்சீரகமும் போட்டு மறுபடியும் ஒரு காய்ச்சல். கண்டிஷனருக்குக் கற்றாழைச் சோறு.

"கம்பெனிக்காரன் ஊருக்கெல்லாம் ஒரே அளவுல சட்டை தச்சு விடுறான். நம்ம உடம்புக்குத் தக்கன பிடிச்சுத் தச்சுக்க வேணாமா?" என்பாள்.

திருப்பரங்குன்றத்தில் கோயிலுக்குப் போகிற தெருவில் ராதாமணி வைத்திருந்த பேன்சி ஸ்டோரில்தான் அவளுக்கு வேலை. வளையல், பொட்டு, ரிப்பன், சோப்பு, ஷாம்பு எல்லாம் இருக்கும். ராதாமணி சௌராஷ்டிரக்காரர். கல்லாவில் உட்கார்ந்து வீட்டுக்காரரோடு போனில் அவர்கள் பாஷையில் சண்டை போட்டுக்கொண்டே, வருகிறவர்களிடம் நல்ல தமிழில் சிரிப்பார். கடைக்கு வருகிற பெண்கள் ராதாமணியைத் தாண்டி உள்ளே வந்து, "ரோகிணி, இதுல என்னத்தக் கலக்கணும்?" என்று கேட்பார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு தலையையும் விரலால் பிரித்துப் பார்த்து, "ஒனக்குச் செம்பருத்தி இலை ஒத்துக்கும், வெங்காயச் சாறு வேணாம், சூடு" என்று அவள் சொல்வதை டாக்டர் சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

இந்தப் பழக்கம் அவளுக்கு மகள் பிறந்த பிறகு வந்தது. அப்போது தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி கையோடு வந்தது. அழுதுகொண்டே எதையெதையோ கலந்து தேய்த்தாள். சில மாதத்தில் கொட்டுவது நின்று புது முடி முளைத்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு முடி கொட்டுவதும் பிறகு தானாக நிற்பதும் வழக்கம்தான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டாள். தன் கையால்தான் முளைத்தது என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் அவளுக்கு ஒரு நிமிர்வு வந்திருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு, ஊரில் நாலு பேர் தன்னிடம் வந்து கேட்பது பெரிய விஷயம்தானே.

புருஷன் நல்லகாமன் குட்டியானை வண்டி ஓட்டினான். நிலையூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுவான். அதிகம் பேசமாட்டான். மகள் சுபலட்சுமி நாலாவது படித்தாள். இடுப்பைத் தாண்டிய முடி. அவளை முன்னே நடக்க விட்டுப் பின்னே நடப்பதில் ரோகிணிக்கு ஒரு சந்தோஷம். பார்க்கிறவர்கள் கேட்காமலே சொல்வாள்: "எல்லாம் நம்ம கலவைதான்."

அந்தத் தலையில்தான் பேன் வந்தது.

பள்ளிக்கூட வாசலில் வகுப்பு டீச்சர் அவளைத் தனியாக நிறுத்திச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்கம்மா. பிள்ளை சொறிஞ்சுக்கிட்டே இருக்கா. பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பரவுது. கொஞ்ச நாள் கடைசி பெஞ்சுல தனியா உக்கார வச்சிருக்கேன்." டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் சுற்றி நின்ற தாய்மார்களில் பாதிப் பேர் ரோகிணியிடம் ஷாம்பு கலக்கக் கற்றுக்கொண்டவர்கள். அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்து பேன் சீப்பை எடுத்து வாரினாள். வார வார வந்தது. கழுத்தோரம் முழுக்க ஈர். சாயங்காலம் நல்லகாமன் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு? மொட்டையப் போட்டு விட்டுருவோம். வளர்ற முடிதான" என்றான்.

"பொம்பளப் புள்ளைக்கு மொட்டையா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று ரோகிணி சீறினாள். பேச்சு வளர்ந்தது. "என்னத்தையோ பண்ணு" என்று அவன் எழுந்து போனான்.

கடையிலிருந்து பேன் மருந்து எடுத்து வந்தாள். அதையும் அப்படியே தேய்க்க மனம் வரவில்லை. வேப்பிலைச் சாறு கலந்து தேய்த்தாள். பேன் சாகவில்லை. சாறு கலந்ததில் மருந்தின் வேகம் குறைந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மருந்துக்கு வேகம் போதவில்லை என்றுதான் தோன்றியது.

அது சீத்தாப்பழக் காலம். தெருமுனையில் தள்ளுவண்டியில் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துத் தேய்த்தால் பேன் அடியோடு போய்விடும் என்று கடைக்கு வந்த ஒருத்தி சொன்னாள். போனில் தேடினால் அதையே சொல்லி எத்தனையோ வீடியோ. ஒன்றின் கடைசியில் அந்தப் பெண், "கண்ணுல மட்டும் படாம பாத்துக்கங்க" என்றாள். எந்த ஷாம்பு பாட்டிலில்தான் அப்படிப் போடாமல் இருக்கிறான் என்று ரோகிணி நினைத்துக்கொண்டாள்.

கொட்டைகளைக் கழுவி, வெயிலில் காய வைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தாள். மூடியைத் திறந்தபோது எழும்பிய தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. வேகமான சரக்குதான் என்று திருப்தியாக இருந்தது. அரைத்த பொடியைக் கடை ஷாம்புவில் கொட்டி, கொஞ்சம் எண்ணெய் விட்டு அடித்துக் கலக்கினாள். நிறையவே வந்தது. ஒரு பாட்டில் போக இன்னொரு பாட்டிலும் நிறைந்தது.

அடுத்த தெருக் கனகலட்சுமியின் மகள் அபிநயாவும் சுபலட்சுமியும் ஒரே வகுப்பு. அபிநயா தலையிலும் பேன். பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் ஒதுங்கி நின்றபோது, "இதெல்லாம் பிள்ளைக தலையில வாரதுதான், விடு ரோகிணி" என்று தோளைத் தொட்டது கனகலட்சுமி மட்டும்தான். அந்த நன்றியில் இரண்டாவது பாட்டிலை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நாங்க திருவிழாவுக்கு மேலூருக்குப் போறோம், வந்துதான் தேய்க்கணும்" என்றாள் கனகலட்சுமி.

"வந்து தேய்ங்கக்கா. ஒரே தேய்ப்பு, அப்புறம் பேன்கிற பேச்சே இருக்காது."

சனிக்கிழமை காலை சுபலட்சுமியைக் குளியலறையில் பலகையில் உட்கார வைத்தாள். நெற்றியைச் சுற்றித் துண்டைக் கட்டினாள். கண்ணை இறுக்க மூடிக்கொள்ளச் சொல்லித் தலை முழுக்கத் தேய்த்து, நுரையோடு முடியை உச்சியில் சுருட்டி வைத்தாள். ஊற வேண்டும். சிறிது நேரத்தில் பிள்ளை நெளிந்தாள். அரிக்கிறது என்றாள். துண்டு ஈரத்தில் நழுவி, நெற்றியில் கோடாக வழிந்தது. சுபலட்சுமி புறங்கையால் துடைத்தாள். துடைத்த கையோடு கண்ணைக் கசக்கினாள்.

அடுத்த நொடி அலறினாள்.

"எரியுதும்மா! தண்ணி ஊத்தும்மா! கண்ணு எரியுதும்மா!"

ரோகிணி ஒரு குவளைத் தண்ணீரை முகத்தில் அடித்தாள். பிள்ளை இன்னும் கத்தினாள், தலையில் இருந்ததைப் பிய்த்து எறியக் கையைத் தூக்கினாள். இவ்வளவு பாடுபட்டு அரைத்துத் தேய்த்தது பாதியில் வீணாகிவிடும் என்று ரோகிணிக்குப் பட்டது. அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஷாம்புதான ஆத்தா. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்க. என் தங்கம்ல. இன்னும் கொஞ்சந்தான்."

பிடித்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை கால்களைத் தரையில் உதைத்தாள், தொண்டை கட்டும்வரை அழுதாள். பிறகு அலசிவிட்டு, வெள்ளைத் துண்டை விரித்துத் தலையைத் துவட்டியபோது செத்த பேன்கள் எள்ளைக் கொட்டியதுபோல விழுந்தன. ரோகிணி துண்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். சுபலட்சுமி மூலையில் சுருண்டு படுத்து, இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் கண்கள் வீங்கிவிட்டன. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நல்லகாமன் வந்ததும், "என்னாச்சு பாப்பாவுக்கு?" என்றான்.

மொட்டைக்குச் சீறியது ரோகிணிக்கு நினைவு வந்தது. வாய் தானாகச் சொன்னது: "தூசி விழுந்துருச்சு. ரோட்டுல மண்ணு லாரி போச்சுல்ல. கசக்கிட்டா."

அவன் கைகழுவப் போன நேரத்தில் மகளின் காதருகே குனிந்தாள். "அப்பா கேட்டா தூசின்னு சொல்லு. என்ன? இல்லாட்டி அப்பா அம்மாவ வைவாரு." பிள்ளை கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாள். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது, "தூசி விழுந்துச்சுப்பா" என்றாள். அழாமல் சொன்னாள்.

மறுநாள் ரோகிணி மெடிக்கலில் போய், பிள்ளை கண்ணில் தூசி என்று சொல்லி, சொட்டு மருந்து வாங்கி வந்தாள். போட்டதும் சிவப்பு வடிந்தது. வலது கண் நன்றாகவே திறந்தது. "பாத்தீங்களா, சரியாப் போச்சு" என்று நல்லகாமனிடம் சொன்னபோது அவளுக்கே மூச்சு வந்தது. இடது கண் மட்டும் பின்தங்கி நின்றது. அதற்கும் அதே மருந்தைக் கூடக் கூட ஊற்றினாள். அடுத்தடுத்த நாட்களில் அந்தக் கண் மறுபடி சிவந்தது, சீழ் கட்டியது. ஒரு காலையில் இமையை விரித்துப் பார்த்தால், கருவிழியின் நடுவில் சோற்றுப் பருக்கைபோல ஒரு வெள்ளைப் புள்ளி.

நல்லகாமன் அதைப் பார்த்தான். வண்டிச் சாவியை இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து காட்டுகிற கண்ணாஸ்பத்திரிகள் உள்ள ஊர் மதுரை. அவர்கள் வீட்டிலிருந்து போக எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ரோகிணி பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். பிள்ளையைக் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். புண்ணைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பூஞ்சை பிடித்திருக்கிறது, படுக்கையில் சேர்க்க வேண்டும் என்றார்.

"எப்படி ஆச்சு?"

"தூசி மேடம்" என்றாள் ரோகிணி.

"என்ன தூசி? வைக்கோலா, மண்ணா? ரெண்டு கண்ணுலயுமே பட்டமாதிரி தெரியுதே. வீட்டுல வேற ஏதாச்சும் ஊத்தினீங்களா? மருந்து ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

டாக்டர் பிள்ளையிடம் குனிந்தார். "நீ சொல்லு கண்ணு. என்ன விழுந்துச்சு?"

சுபலட்சுமி நல்ல கண்ணால் அம்மாவைத் தேடினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தூசி."

நல்லகாமன் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

மணிக்கொரு தரம் மருந்து ஊற்றினார்கள். ரோகிணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று எழுவாள். நர்ஸ் வருவார், அவன் வருவான், மறுபடி உட்கார்ந்துவிடுவாள். சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது, மருந்துதான் போடுகிறார்களே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பையின் அடியில் மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து கிடந்தது. அதைக்கூட வெளியே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் அதிர்ந்தது. கனகலட்சுமியின் குரல் செய்தி. காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள்.

"ரோகிணி, நேத்துச் சாயங்காலந்தான் ஊர்லருந்து வந்தோம். மேலூர்ல போயி பேன் இன்னும் கூடித்தான் போச்சு போ. இப்ப ஒன் பாட்டில எடுத்து வச்சிருக்கேன். எம்புட்டு நேரம் ஊற வைக்கணும்? தோசைய ஊத்திக் குடுத்துட்டுத் தேய்க்கப் போறேன்."

ரோகிணி எழுந்து நின்றுவிட்டாள். இத்தனை நாளில் அந்த இன்னொரு பாட்டில் அவள் நினைவுக்கே வரவில்லை.

அவசரமாக எழுதினாள்: 'அக்கா அத தேய்க்காதீங்க. கெட்டு போச்சு. கொட்டிருங்க.'

உடனே பதில் வந்தது, சிரிப்போடு. "வாசம் நல்லாத்தான் இருக்கு. நீ ஒண்ணு. கெட்டுப்போனா பேனுக்குத்தான கேடு." பிறகு ரோகிணி கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. எடுக்கவில்லை. போனை அடுப்படியில் வைத்துவிட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போயிருப்பாள்.

"வீட்டுக்குப் போயி மாத்துத்துணி எடுத்துட்டு வாரேன்" என்று நல்லகாமனிடம் சொன்னாள். அவன் ஏறிட்டுப் பார்ப்பதற்குள் படியில் இறங்கிவிட்டாள்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறினாள். பழங்காநத்தம் தாண்டும்போது வண்டி ஊர்ந்தது. முகூர்த்த நாள், பட்டுச் சேலைகளும் பூக்கூடைகளுமாகப் பஸ் நிறைந்திருந்தது. நிற்கிற இடத்தில் நிற்க முடியாமல் முண்டிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து, பஸ் முழுதாக நிற்குமுன் இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. திரும்பி எடுக்கவில்லை.

கனகலட்சுமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஓடினாள். பின்கட்டில் அபிநயா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நுரை. அது நெற்றியிலிருந்து புருவத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை கையைத் தூக்கினாள்.

ரோகிணி பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பிள்ளையை அப்படியே இழுத்துக் குழாயடியில் மல்லாக்கப் படுக்க வைத்து முழுக் குழாயையும் திறந்துவிட்டாள். அபிநயா வீறிட்டாள்.

"ஏ ரோகிணி! கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? விடு பிள்ளைய!" கனகலட்சுமி அவள் முடியைப் பிடித்து இழுத்தாள்.

"கண்ணத் தொடைக்க விடாதீங்க. தண்ணி ஊத்துங்கக்கா, ஊத்திக்கிட்டே இருங்க. அது சீத்தாக் கொட்டை. எம்புள்ள கண்ணு அதுலதான் போச்சு."

அந்தச் சொற்களை அவள் வாய் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னது. கனகலட்சுமியின் பிடி தளர்ந்தது. குனிந்து வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றத் தொடங்கினாள். இரண்டு பேரும் மாறி மாறி ஊற்றினார்கள். தலையில் ஒரு பொட்டு நுரை இல்லாமல் போன பிறகும் ஊற்றினார்கள். பிள்ளைக்கு ஒரு கண் லேசாகச் சிவந்திருந்தது. திறந்து பார்த்தாள், அம்மா தெரிகிறாள் என்றாள்.

மகளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கனகலட்சுமி தரையிலேயே உட்கார்ந்தாள். நனைந்த சேலையோடு நின்ற ரோகிணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுபாவுக்குத் தூசின்னுல்ல சொன்னாங்க?"

"நான்தான் அப்பிடிச் சொன்னேன்."

"எனக்கு மெசேஜ் போட்டியே. கெட்டுப் போச்சுன்னு போட்ட. கண்ணு போயிரும்னு போட ஒனக்குக் கை வரலையா? நான் தேய்ச்சிட்டேன் ரோகிணி. நீ போட்டதப் படிச்சிட்டுச் சிரிச்சிக்கிட்டே தேய்ச்சிட்டேன்."

ரோகிணி குனிந்து குழாயை மூடினாள்.

"போயிரு" என்றாள் கனகலட்சுமி. "எந்திரிச்சு ஒன்ன ஏதாவது பண்ணிருவேன். போயிரு."

மிச்சம் இருந்த பாட்டிலை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு ரோகிணி வெளியே வந்தாள். டாக்டரிடம் காட்டிவிட வேண்டும், நல்லகாமனிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுக்கச் சொற்களைக் கோத்துக்கொண்டு வந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

தொடங்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் சுவரோரம் நின்றிருந்தான். கையில் போன். கனகலட்சுமி பேசியிருந்தாள். அபிநயாவையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

"தெரியாமக் கலந்துட்ட. சரி" என்றான். அவன் குரல் உயரவே இல்லை. "பயந்துக்கிட்டு எங்கிட்ட மறைச்ச. அதுவுஞ் சரி. டாக்டரம்மா கேக்குது, எம்புள்ள ஒன் மூஞ்சியப் பாத்துட்டுத் தூசிங்குறா. வலியில துடிச்சிக்கிட்டுத் தூசிங்குறா. அந்தப் பிள்ளையப் பொய் சொல்ல வச்சிட்டியே ரோகிணி."

அவள் அவன் காலருகே உட்கார்ந்துவிட்டாள். போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவன் தூக்கவில்லை, திட்டவில்லை. "எந்திரி. டாக்டர்ட்டச் சொல்லணும்" என்றான்.

டாக்டரின் மேஜைமேல் பாட்டிலை வைத்தாள். பையின் அடியிலிருந்து சொட்டு மருந்தையும் எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், கைகளைப் பிடித்துக்கொண்டதைக்கூட. அதைச் சொல்லும்போது நல்லகாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் பாட்டிலைவிடச் சொட்டு மருந்தைத்தான் அதிக நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீத்தாக் கொட்டை பட்ட கண்ணு பெரும்பாலும் ஆறிரும்மா. உடனே வந்தா ஆறிரும். வலது கண்ணு ஆறியிருக்கு, பாருங்க. இது ஸ்டீராய்டு மருந்து. புண்ணு இருக்கிற கண்ணுல இத ஊத்தினா சிவப்பு அடங்கும், உள்ள பூஞ்சை வளந்துரும். எத்தன நாள் ஊத்தினீங்க?"

"சிவப்பு குறைஞ்சுச்சு மேடம். அதான் நெறைய ஊத்தினேன்."

டாக்டர் ஃபைலைத் திறந்தார். எழுதினார். எழுதிக்கொண்டே, "முடிஞ்சத பாக்குறோம்" என்றார்.

புண் ஆறியது. ஆனால் இடது கருவிழியை மூடிக்கொண்டு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தது, முன்னால் அசைகிற கை நிழலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். யாராவது இறந்தவர்களின் கருவிழி கிடைத்தால் மாற்றிப் பார்க்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒட்டுவது நிச்சயமில்லை, காத்திருங்கள் என்றார்கள். அபிநயாவுக்குச் சிவப்பு ஒரு வாரத்தில் போய்விட்டது. பேன் இருவருக்குமே திரும்ப வரவில்லை.

ராதாமணி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். சுபலட்சுமியின் முகத்தைப் பார்த்து அழுதார். போகும்போது, "கொஞ்ச நாள் பிள்ளையோடவே இரும்மா" என்றார். கடைக்கு வா என்று அதன்பிறகு கூப்பிடவில்லை. தெருப் பெண்கள் யாரும் வந்து சண்டை போடவில்லை. அவள் முன்பு கலந்து கொடுத்திருந்த பாட்டில்களைத்தான் திரும்பக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். செம்பருத்தி, வெந்தயம், கற்றாழை, எல்லாம் சாதுவானவை. கதவைத் தட்டாமல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மத்தியானம் அவள் எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டினாள். நுரை பொங்கித் தெருவில் வழிந்து அடுத்த வீட்டு வாசல்வரை போனது. அந்த வீட்டுப் பெண் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நல்லகாமன் வீட்டில்தான் இருந்தான். சாப்பிட்டான், வண்டிக்குப் போனான், வந்தான். மகளுக்குத் தலைக்கு ஊற்றுவதை மட்டும் அவன் எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பெரிய விரல்கள் அந்த நீள முடியில் சிக்கிக்கொள்ளும். சிக்கெடுக்கத் தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருப்பான். ரோகிணி அடுப்படியில் நின்று சீப்பு மாட்டி இழுபடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். உதவிக்கு அவளைக் கூப்பிட்டதில்லை. அவளும் போனதில்லை.

மாதம் ஒருமுறை கண்ணைக் காட்டப் போக வேண்டும். அன்று மட்டும் அவளும் மகளும் தனியாகப் போவார்கள். கண் வங்கியிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை, அடுத்த மாதம் பார்ப்போம் என்று இந்த முறையும் சொல்லி அனுப்பினார்கள். திரும்புகிற பஸ்ஸில் சுபலட்சுமி வலப்பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். ரோகிணிக்கு அவளுடைய இடப்பக்கம்தான் இடம் இருந்தது. மகளின் அந்தக் கண் அவளுக்கு வெகு அருகே வெள்ளையாக இருந்தது, சிமிட்டியது, அவளைப் பார்க்கவில்லை.

"சுபா" என்றாள்.

பிள்ளை திரும்பவில்லை. வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுபா. அம்மா மேல கோவமா?"

சுபலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே, "என்ன சொல்லணும்மா?" என்று கேட்டாள்.

ரோகிணி வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் பழங்காநத்தத்தில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.